தகட்டம்மன்

தகட்டம்மனைப் பீடத்தில் ஏற்றிய மாசி மாதத்து வெள்ளிக்கிழமை அங்கே இருந்தவர்கள் அப்பா, சித்தப்பா, போர்மேன், திரி அறையிலும் பேப்பர் அறையிலும் வேலை பார்த்த பெண்கள் எல்லோரும், பொங்கல் சோற்றுக்காக வந்து நின்ற எங்களைப் போன்ற பிள்ளைகள். இல்லாதவர்களில் முதல் ஆள் முதலாளி. அவர் ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருந்தார். அம்மாவும் இல்லை. அவளுக்குப் பட்டாசு ஆபீஸ் வாசலை மிதிக்கவே பிடிக்காது. அந்தத் தகட்டை முதன்முதலில் அங்கே வைக்கச் சொன்ன அதிகாரியும் இல்லை. எப்போதோ ஒரே ஒரு தடவை ஜீப்பில் வந்துவிட்டுப் போனவர் அவர். தகடு எதற்காக என்று சரியாகத் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் பட்டாசு செய்யும் இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். மேஜை நாற்காலி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஊருக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவில், நன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்று அப்படி. எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக நின்றது மருந்து அறை. வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் அளந்து, சலித்து, கலக்குகிற இடம் அது. கலக்குகிறவர் அப்பா. கூடமாட நிற்பவர் சித்தப்பா. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். தரையில் கல், மணல் உரசிவிடக் கூடாதென்று உள்ளே ரப்பர் பாய் விரித்திருந்தது.

அந்த அறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நட்டு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகட்டை அறைந்திருந்தார்கள். தகட்டின் அடியிலிருந்து ஒரு செம்புக் கம்பி இறங்கி மண்ணுக்குள் போனது. கம்பி போன இடத்தில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு மூடியிருந்தது. உள்ளே போகிறவர்கள் வெறுங்கையால் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது உத்தரவு. அதிகாரி அதை முதலாளியிடம் விளக்கிச் சொன்னார். முதலாளி போர்மேனிடம் சொன்னார். போர்மேன் வேலையாட்களிடம் சொன்னார். வாய் மாற மாறப் பேச்சு குறுகியது. அப்பா காதுக்கு வந்து சேர்ந்தபோது மிஞ்சியது இவ்வளவுதான்:

"தொட்டுட்டுப் போங்க. தொடாமப் போனா வெடிச்சிரும்."

தொட்டால் காப்பாற்றும், தொடாவிட்டால் தண்டிக்கும் என்றால் அது வேறு என்னவாக இருக்க முடியும்? அதுவும் குனிந்து தொட வேண்டியிருந்தது. குனிந்து தொட்டவர்கள் பழக்கதோஷத்தில் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பூ வந்தது. அந்தக் கோடையில் பக்கத்து ஊர் ஆபீஸ் ஒன்று எரிந்துபோனது. எங்கள் ஆபீஸில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. தகட்டம்மன் என்ற பெயர் அத்தோடு நிலைத்துவிட்டது.

அம்மனுக்கு இரண்டு தொந்தரவுகள் இருந்தன. குழியில் போட்ட உப்புக்காக வெள்ளாடுகள் வந்து மண்ணை நக்கின. ஒரு செவலை நாய் தினமும் வந்து கட்டையின்மேல் காலைத் தூக்கியது. குழி ஈரமாக இருப்பதுதான் கம்பிக்கு நல்லது என்று பிற்பாடு படித்தபோது, அதைப் பராமரித்து வந்த ஒரே ஜீவன் அந்த நாய்தான் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அது அபசாரம்.

"ஒங்க வீட்டுச் சாமிய இப்படி நாய் நனைக்கிற எடத்துல வைப்பீகளா?" என்று திரி அறைப் பெண் ஒருத்தி போர்மேனைப் பிடித்துக்கொண்டாள். போர்மேன் முதலாளிக்கு ஒன்றுவிட்ட உறவு. பெண்கள் சத்தம் போட்டால் பயப்படுகிறவர். "தொடணும்னுதான் சொன்னாக. எங்கன வச்சுத் தொட்டா என்ன?" என்று சம்மதித்துவிட்டார்.

நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் பீடம் எழுந்தது. சிமெண்டு பூசி, மேலே கடப்பைக் கல் பதித்தார்கள். தகட்டைக் கட்டையிலிருந்து பெயர்த்துத் தூக்கியபோது கம்பி எட்டவில்லை. மண்ணுக்கும் தகட்டுக்கும் நடுவே விறைத்துக்கொண்டு நின்றது.

"அம்மனுக்கு எதுக்குண்ணே கால்ல கயிறு? ஆடா மாடா?" என்றார் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா குறடை வாங்கிக் கம்பியைத் துண்டித்தார். வெட்டிய துண்டை வீணாக்காமல் முறுக்கி, வளையமாக்கி, தகட்டுக்குக் காப்பாகப் பூட்டினார். மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை யார் காலிலும் குத்தாதபடி மடக்கிப் புதைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். நானும் என் பங்குக்குக் கைதட்டினேன். பொங்கல் நன்றாக இருந்தது.

நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். பங்குனி வெயிலில், பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், அறிவியல் வாத்தியார் மின்சாரப் பாடத்தைத் தொடங்கினார். எங்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் மின்விளக்கு கிடையாது. மின்சாரம் என்றால் அரிசி மில்லில் எரிகிற பல்பு, தொட்டால் செத்துப்போவோம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

வாத்தியார் கண்மாயை உதாரணம் காட்டினார். கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, மடையைத் திறந்தால் வாய்க்காலில் ஓடுகிறது. தண்ணீர் இரண்டிலும் ஒன்றுதான். அதே மாதிரி மின்சாரமும் ஒரு பொருளின்மேல் அசையாமல் நிற்கும், வழி கிடைத்தால் ஓடும். நிற்பதற்கு நிலைமின்சாரம் என்று பெயர். ஓடுவது மின்னோட்டம். பல்பை எரிய வைப்பது ஓடுவது.

பிறகு ஒரு சீப்பை எண்ணெய் இல்லாத தலையில் பரபரவென்று தேய்த்துக் கிழித்த காகிதத் துண்டுகளின் மேல் பிடித்தார். காகிதங்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன. வகுப்பே ஓவென்று கத்தியது. இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னேற்றம் தாவுகிறது என்றார். செம்பும் இரும்பும் அதற்கு வழி விடும். ரப்பர், கண்ணாடி, காய்ந்த கல் எல்லாம் வழி விடாது. போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் காற்றைத் தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் பொறி. ஆகாயத்தில் பெரிதாக நடந்தால் அதற்குப் பெயர் மின்னல்.

"வழி கெடச்சா ஓடிப்போயி எங்க சார் சேரும்?" என்று கேட்டேன்.

"மண்ணுக்குத்தாம்லே. பூமி எம்புட்டு வந்தாலும் வாங்கிக்கிரும்."

அந்த நிமிஷமே எனக்கு அப்பாவின் கையில் இருந்த குறடு ஞாபகம் வந்தது. அடுத்த பீரியட் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாடத்தை நடத்திக் காட்டினேன். காகிதத்துக்குப் பஞ்சமில்லை. அம்மா வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் குழாய் சுற்றுகிறவள். கலர் காகித நறுக்குகள் மூலைக்கு மூலை கிடக்கும். சீப்பைத் தேய்த்துப் பிடித்ததும் அவை குதித்து ஒட்டின.

"சீப்புக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று சித்தப்பா சிரித்தார். அவர் அப்போது சந்தோஷத்தில் இருந்தார். ஆவணியில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தவர். மாப்பிள்ளைக்கென்று ஒரு நைலான் சட்டை கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஊரில் அப்படி ஒரு சட்டை வேறு யாரிடமும் கிடையாது. அதைத் தலைவழியாகக் கழற்றச் சொன்னேன். விளக்கு வைக்காத உள்வீட்டில் அவர் கழற்றியபோது படபடவென்று சத்தம் கேட்டது. துணிக்கும் முதுகுக்கும் நடுவே பொடிப்பொடியாக நீலப் பொறிகள் ஓடின. சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நம்ம வீட்டுக்கே கரண்டு வரல. ஒடம்புக்கு எங்கிட்டுருந்து வருது?"

"ஒரசுனாலே வரும்ப்பா. நடந்தாலும் வரும், சலிச்சாலும் வரும். அது மண்ணுக்கு எறங்கணும். அதுக்குத்தான் அந்தக் கம்பி. தகடு சும்மா தொடுறதுக்கு. காப்பாத்துறது கம்பிதான்."

"வாயக் களுவுலே," என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "அம்மனப் போயி சும்மாங்கிறான். இதுக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சீகளா?"

"அப்ப இத்தன நாளா கம்பியவா கும்பிட்டோம்?" என்றார் சித்தப்பா. சட்டையைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார்.

அப்பா சிரிக்கவில்லை. சித்தப்பா வெளியே போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"கம்பிய நான்தான வெட்டுனேன்?"

"ஆமாப்பா."

"அம்புட்டுப் பேரும் குலவ போட்டு ஏத்துன அம்மன எறக்குங்க, என் மகன் படிச்சிட்டு வந்து சொல்றான்னு நான் போயி சொல்லணுமோ?"

"சொல்லுங்கப்பா."

"போயி ஒஞ் சோலியப் பாருலே."

அவ்வளவுதான். தினமும் விடிந்ததும் அந்த அறைக்குள் போய்ச் சல்லடையைத் தூக்குகிறவர் அவர். அவருக்கும் நெருப்புக்கும் நடுவில் இருந்த ஒரே காவலை அவரே வெட்டிவிட்டார் என்று நான் சொன்னேன். அவர் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் கஞ்சித் தூக்கோடு ஆபீஸுக்குப் போனபோது புதுசாக ஒன்றைக் கண்டேன். அப்பா கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அதில் மஞ்சள் கரைத்துத் தகட்டம்மனுக்குத் தலையோடு ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் தகட்டில் விழுந்து, கடப்பைக் கல்லில் பரவி, பீடத்தின் முகத்தில் பட்டையாக வழிந்து, மண்ணில் இறங்கியது. கீழே நின்றவர்களின் பாதமெல்லாம் நனைந்தது. "ஈரம் காயறதுக்குள்ள தொட்டுட்டு வா" என்று சித்தப்பாவை அதட்டினார். அவரும் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

நான் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் படிப்புக்கு அப்பா கொடுத்த பதில் அது என்று நினைத்தேன். மகன் கம்பியைப் பற்றிச் சொன்னான், தகப்பன் பக்தியைக் கூட்டிக்கொண்டார். அதற்கப்புறம் நான் கம்பிப் பேச்சை எடுக்கவில்லை.

தண்ணீர் ஊற்றுவது தினப்படி வழக்கமாகிவிட்டது. மருந்து கலக்குகிற நாளில் அப்பா தவறவே மாட்டார். ஆபீஸில் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். மகன் படிப்புக்காக அவர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாராம். "ஒன்னைய கலெக்டராக்கத்தாம்லே ஒங்கப்பா கொடம் தூக்குறாரு, கணக்குல பெயிலாயித் தொலச்சிராத" என்று திரி அறைப் பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். அப்பா காதிலும் அது விழுந்தது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் எட்டாவது தேறினேன். ஆனி மாதத்தில் அப்பா என்னை விருதுநகரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனார். அன்றைக்கு மருந்து கலக்க வேண்டாம், நான் வந்து மறுநாள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே போர்மேனிடம் சொல்லியிருந்தார். காற்றுக் காலம் அது. மேற்கிலிருந்து காய்ந்த காற்று நாள் முழுக்கப் புழுதியை வாரி இறைக்கும். உதடு வெடித்துவிடும்.

தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா வாசல்படியில் நின்றபடி அதை அண்ணாந்து பார்த்தார்.

"இது நீ சொன்ன அந்தக் கரண்டுதானா?"

"அது நிக்கிறதுப்பா. இது ஓடுறது."

"ஓடுறது வேலை செய்யுது. நிக்கிறதுதான் பொல்லாதது போல" என்றார்.

பாடத்தை அவர் இவ்வளவு நாள் மனசில் வைத்திருந்தாரே என்று நான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது புதுப் பள்ளிக்கூடத்தின் நீளமான வராந்தாவைத் தவிர வேறெதிலும் கண் போகவில்லை.

மத்தியானம் பஸ்ஸை விட்டு எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கினோம். திரி அறையில் வேலை பார்க்கிற பெண்ணொருத்தி டீக்கடைப் பக்கத்திலிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அண்ணே, ஒங்க தம்பிய சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக" என்றாள். உயிர் இருக்கிறது என்பதை மூன்றாவது வாக்கியமாகத்தான் சொன்னாள். அதற்குள் அப்பா அடுத்த பஸ்ஸை மறித்திருந்தார். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு அவளே மிச்சத்தையும் சொன்னாள்.

காலையில் லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது. ஒரு பெட்டிக்கு மட்டும் சரக்குக் குறைந்தது. "ஒரே ஒரு கலவதான், நானே பார்த்துருவேன்" என்று சித்தப்பா போர்மேனிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் பெண் வீட்டாரோடு ஜவுளி எடுக்கப் போக வேண்டியிருந்ததால் நைலான் சட்டையில் வந்திருந்தார். மருந்துக் கறை படக் கூடாதென்று மருந்து அறை வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உடைமரக் கிளையில் மாட்டினார். பிறகு பயபக்தியோடு தகட்டம்மனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே போனார். "சல்லடைய எடுக்கக் கையத்தாண்ணே நீட்டுனாக. அதுக்குள்ள வெள்ளையா ஒரு வெளிச்சம்" என்றாள். கலக்கத் தொடங்காததால் சுவர் நின்றது, ஆளும் மிஞ்சினார்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் போர்மேன் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கையைப் பிசைந்தார். உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. அது அவர் குரல் மாதிரியே இல்லை. அப்பா உள்ளே ஓடுவார் என்று நினைத்தேன். அவர் போர்மேன் முன்னால் போய் நின்றார்.

"இன்னைக்கு அம்மனுக்குத் தண்ணி ஊத்துனீகளா?"

போர்மேன் விழித்தார். "அது ஒங்க நேர்ச்சையாச்சேண்ணே. ஒங்க மகனுக்கு நேந்தத அடுத்தவன் எப்படி ஊத்துறது? தெய்வக் குத்தம் ஆயிராதா?"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு கையைப் புழுதியில் ஊன்றிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே உடன்பிறந்தவர் கதறிக்கொண்டிருக்கிறார், இவர் அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்கிறாரே என்று நினைத்தேன். கம்பியை விட்டுவிட்டுக் குடத்தைப் பிடித்துக்கொண்ட மனிதர், கடைசிவரை குடத்தையே பேசுகிறார் என்று நினைத்தேன். அன்று முழுக்க அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு அதிகாரி ஜீப்பில் வந்தார். பீடத்தை இடித்துத் தகட்டை மறுபடி கட்டையில் அறைய வைத்தார். புதுக் கம்பி பூமிக்குள் போயிற்று. யார் வெட்டியது என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. அவர் போன மறுநாளிலிருந்து பெண்கள் முறை வைத்துக்கொண்டு தகட்டுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். ஒரு நாள் ஊற்றாததற்கே அம்மன் இப்படிச் செய்துவிட்டாள் என்று அவர்களுக்குப் பயம்.

சித்தப்பாவின் வலது கையை மணிக்கட்டுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி முஷ்டியாகிவிட்டன. வலது கண் போயிற்று. பெண் வீட்டார் வந்து பார்த்தார்கள், வெகுநேரம் அழுதார்கள், போனார்கள். கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. அப்பா அதற்கப்புறம் மருந்து அறைப் பக்கம் போகவே இல்லை. பேப்பர் அறையில் பெண்களோடு உட்கார்ந்து குழாய் சுற்றினார். வேளாவேளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரே வட்டிலில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தம்பிக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று ஊட்டுவார். அம்மா ஊட்ட வந்தால் விட மாட்டார். அந்த நேரங்களில் சித்தப்பா பழையபடி கேலி பேசுவார். "உப்புப் பத்தலண்ணே, ஒங்க வாய்க்குப் போனதுல இருந்ததா?" என்பார். அப்பா சிரிப்பதை அப்போது மட்டும்தான் பார்க்க முடியும்.

நான் படித்தேன். மதுரையில் கல்லூரியில் சேர்ந்தேன். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் எங்களுக்கு நிலைமின்சாரச் சோதனை. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு மெல்லிய தகட்டு இலைகள். மின்னேற்றம் கொடுத்தால் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. விரிவதும் தொய்வதுமாக இருந்தன. ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். காற்றில் இத்தனை ஈரம் இருந்தால் எதன்மேலும் மின்னேற்றம் தங்காது, ஈரத்தின் வழியாகவே கசிந்து போய்விடும், கம்பியே வேண்டாம், ஈரத் துணி ஒன்று தரையைத் தொட்டால்கூடப் போதும் என்றார்.

பக்கத்தில் இருந்தவன் என்னைத் தட்டி என்னடா என்று கேட்டான். என் கண் முன்னால் பீடத்தின் முகத்தில் பட்டையாக மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தகட்டிலிருந்து மண் வரைக்கும். கீழே நின்றவர்களின் பாதம் நனையும்படி. காய்வதற்குள் தொட்டுவிட்டு வா.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனும் தம்பியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையை இறக்கி வைக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"அப்பா, நீங்க ஊத்துன தண்ணி கம்பி மாதிரிதாம்ப்பா. ஈரத்துல எறங்கிரும். அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டுத்தான ஊத்துனீக?"

அப்பா உருண்டையைப் பிடித்த கையோடு இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் அவரைத் தவறாக நினைத்திருந்தேன் என்பதே அப்போது ஒரு சந்தோஷமாக இருந்தது.

"மண்ணுக்கு எறங்கணும்னு நீதான சொன்ன," என்றார் மெல்ல. "அம்மன எறக்க முடியாது. தண்ணி எறங்குனாப் போதுமான்னு எனக்குத் தெரியாது. செஞ்சு வைப்போம்னு செஞ்சேன்."

"ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? கம்பிய வெட்டுனவன் நான். நேர்ச்சைன்னு அவுகளா நெனச்சுக்கிட்டாக. அதுவும் நல்லதுக்குத்தான்னு இருந்துட்டேன்."

உருண்டையை அவர் தம்பியின் வாயருகே கொண்டுபோனார். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. இருந்த ஒரு கண்ணால் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டக்கூடவாண்ணே?" என்றார்.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"தெனம் ஒங்க கூடத்தான உள்ள வந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டேனா?"

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, முஷ்டியான கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அப்பா உருண்டையை வட்டிலில் திரும்ப வைத்தார்.

அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு அம்மாதான் ஊட்டுகிறாள். அவருக்குத் தனி வட்டில். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். காற்று, மழை, விலைவாசி எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அப்பா அடுப்படி மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சீக்கிரமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். நான் வாங்கி வந்த படிப்புக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வெட்டிய முழ நீளக் கம்பிக்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: சித்தப்பாவின் இரண்டு கைகள், ஒரு கண், வீட்டுக்கு வர இருந்த ஒரு பெண், கடைசியாக, அண்ணனும் தம்பியும் ஒரே வட்டிலில் சாப்பிட்ட சோறு.